கடற்படை இல்லாத நாடுகளுக்கு ஒரு ரோந்துப் படகு

துவாலு நாட்டின் நிலம் மொத்தமும் 26 சதுர கிலோமீட்டர். அதன் கடலோ ஏழு லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். பக்கத்து நாடான கிரிபாஸின் நிலம் 811 சதுர கிலோமீட்டர். கடல் சுமார் 35 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது இந்தியாவின் நிலப்பரப்பைவிடக் கொஞ்சம் அதிகம். இந்தக் கடல் கையில் வந்து சுமார் ஐம்பது ஆண்டுகள்தான் ஆகின்றன. 1970-களின் கடைசியில் தெற்கு பசிபிக் தீவு நாடுகள் ஒவ்வொன்றாகத் தங்கள் கரையிலிருந்து 200 கடல் மைல் வரை தமக்கே உரியது என்று அறிவித்தன. 1982 டிசம்பர் 10 அன்று ஜமைக்காவின் மாண்டிகோ பே நகரில் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை கையெழுத்தானபோது அந்த உரிமைக்கு உலகச் சட்டத்தின் முத்திரை கிடைத்தது. கையெழுத்திட்ட அன்றே அதை முறைப்படி ஏற்று உறுதிசெய்த முதல் நாடு பிஜி. எந்த வல்லரசுக்கும் இல்லாத அவசரம் அந்தத் தீவுக்கு ஏன் இருந்தது என்பது புரிந்துகொள்ளக்கூடியதுதான்.

கடல் கிடைத்துவிட்டது. காவல் காக்க ஆள்? பப்புவா நியூ கினியா, பிஜி, டோங்கா ஆகிய மூன்றுக்கு மட்டும் ராணுவம் என்று சொல்லிக்கொள்ள ஒன்று இருந்தது. மற்ற நாடுகளில் இருந்தது போலீஸ். அந்தப் போலீசுக்கும் பெரும்பாலும் ஆழ்கடலுக்குப் போகத்தக்க படகு கிடையாது. ஆனால் கடலில் இருந்ததோ உலகத்தின் மிகப் பெரிய சூரை மீன் வளம். அதை அள்ளிக்கொண்டிருந்தவர்கள் ஜப்பான், தைவான், தென் கொரியா, அமெரிக்கா ஆகிய தூரதேசத்துக் கப்பல்காரர்கள்.

ஆஸ்திரேலியா இந்த நாடுகளுக்குக் கொடுத்த ஓர் எளிய ராணுவ உதவி பிறந்த கதை இது. 31.5 மீட்டர் நீளமுள்ள ஒரு ரோந்துப் படகு. அதே அச்சில் மொத்தம் 22 படகுகள். வாங்கிக்கொண்டவை 12 நாடுகள். எல்லாவற்றுக்கும் ஆன செலவு அந்தக் காலத்தில் ஒரு பெரிய போர்க்கப்பலின் விலைக்குள் அடங்கிவிடும். இப்படிச் சின்னத் தொகை என்பதால்தான் இது எளிதாக ஒப்புதல் பெற்றது. சின்னத் தொகை என்பதால்தான் பிறகு என்னென்ன சேரும் என்று யாரும் ஆழமாக யோசிக்கவில்லை என்றும் எனக்குத் தோன்றுகிறது.

1983 ஆகஸ்டில் தெற்கு பசிபிக் மன்றத்தின் தலைவர்கள் கான்பெராவில் கூடினார்கள். பாப் ஹாக் ஆஸ்திரேலியப் பிரதமராகி அப்போது அரை ஆண்டுதான். அந்தக் கூட்டத்தில் ஆஸ்திரேலியா தன் பாதுகாப்பு ஒத்துழைப்புத் திட்டத்தின் கீழ் அண்டைத் தீவுகளுக்கு ரோந்துப் படகுகளை இலவசமாகக் கட்டித் தரும் என்று அறிவித்தது. தீவுகள் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்ததுதான். ஆனால் கேட்டவர் மனதில் இருந்த காரணமும் கொடுப்பவர் மனதில் இருந்த காரணமும் ஒன்றல்ல. தீவுகளுக்கு மீன் கவலை. ஆஸ்திரேலியாவுக்கு சோவியத் கவலை.

மீன் கவலை எப்படிப்பட்டது என்பதை 1984 ஜூன் மாதம் சாலமன் தீவுகள் உலகத்துக்குக் காட்டின. ஜெனட் டயானா என்ற அமெரிக்கச் சுருக்குவலைக் கப்பல் சாலமன் தீவுகளின் கடலில் அனுமதியில்லாமல் மீன் பிடித்தது என்று அந்நாட்டின் ஒரு சிறிய ரோந்துப் படகு அதை மடக்கித் துறைக்கு இழுத்து வந்தது. நம் கடலோரத்தில் சுருக்குவலை என்றால் வம்பு வழக்கு என்று மீனவர்களுக்குத் தெரியும். பசிபிக்கின் சுருக்குவலை அதன் அண்ணன்: மீன்கூட்டத்தை மேலிருந்து தேட ஹெலிகாப்டர் சுமந்து போகும் கப்பல்கள், ஒரு வீச்சில் டன் கணக்கில் சூரையை அள்ளும் வலைகள். தலைநகர் ஹொனியாராவில் வழக்கு நடந்தது. கப்பல்காரர்களுக்கு அபராதம், கப்பலும் அதிலிருந்த மீனும் பறிமுதல்.

வாஷிங்டன் கொதித்தது. சூரை ஓரிடத்தில் தங்காத மீன், பெருங்கடல் முழுக்கத் திரியும் மீன், ஆகவே எந்த நாடும் 200 மைல் எல்லை சொல்லி அதன்மேல் உரிமை கொண்டாட முடியாது என்பது அன்றைய அமெரிக்கச் சட்டத்தின் நிலை. தன் கப்பலைப் பிடித்த நாட்டின் மீனுக்குத் தடை போட வேண்டும் என்றும் அதே சட்டம் சொன்னது. மூன்று லட்சம் மக்கள்கூட இல்லாத சாலமன் தீவுகளின் மீன் ஏற்றுமதிக்கு அமெரிக்கா கதவைச் சாத்தியது. மாதக்கணக்கில் இழுபறி. பறிமுதலான கப்பல் கடைசியில் பணம் கொடுத்த பழைய உரிமையாளர்களிடமே திரும்பியது. தடையும் விலகியது.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் தெரிந்துகொண்டார்கள். ஒரு சின்னப் படகு போதும், வல்லரசின் சட்டத்தையே தலைப்புச் செய்தியாக்கிவிடலாம். 1987 ஏப்ரலில் போர்ட் மோர்ஸ்பியில் அமெரிக்காவும் தீவு நாடுகளும் சூரை உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. ஐந்து ஆண்டுகளுக்கு 6 கோடி டாலர். அதுவரை சல்லிக்காசு தரத் தேவையில்லை என்று வாதாடிய நாடு அது. ஹொனியாராவில் 1979 முதல் இயங்கிவந்த மன்ற மீன்வள முகமையின் கூட்டுப் பேரத்துக்கு அது பெரிய வெற்றி.

சோவியத் கவலை வேறு ரகம். அமெரிக்கா பணம் தர மறுத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், 1985-ல் கிரிபாஸ் தன் கடலில் ஓராண்டு மீன் பிடிக்க சோவியத் நிறுவனத்துக்கு அனுமதி கொடுத்தது. 1987-ல் வனுவாட்டுவும் அப்படியொரு ஒப்பந்தம் செய்தது. அதில் துறைமுகத்துக்குள் வரும் வசதியும் உண்டு. கான்பெராவிலும் வெலிங்டனிலும் தூக்கம் கெட்டது. மீன்பிடிக் கப்பல் என்ற பெயரில் ஒட்டுக்கேட்கும் கருவிகள் வரும் என்ற சந்தேகம். போதாக்குறைக்கு அணு ஆயுதக் கப்பல்களுக்கு நியூசிலாந்து தன் துறைமுகங்களை மூடியதால் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா சேர்ந்த அன்சஸ் ராணுவக் கூட்டணியே ஆட்டம் கண்டிருந்த நேரம். தீவுகளில் ஆஸ்திரேலியக் கை இருக்க வேண்டும், ஆனால் அது படைத்தளம் போலத் தெரியக் கூடாது. படகு அதற்குப் பொருத்தமான பதில். அதை ஓட்டப் போகிறவர்கள் தீவுக்காரர்கள். கூட இருக்கப் போகிறவர்கள் ஒன்றிரண்டு ஆஸ்திரேலியக் கடற்படை ஆலோசகர்கள்.

கட்டும் ஒப்பந்தம் 1985 செப்டம்பரில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆஸ்திரேலியன் ஷிப்பில்டிங் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்துக்குப் போனது. அறிவிப்புக்கும் ஒப்பந்தத்துக்கும் இடையில் இரண்டு ஆண்டு. அந்த இரண்டாண்டில் எடுத்த முடிவுகள்தான் இந்தப் படகின் குணத்தைத் தீர்மானித்தன.

போர்க்கப்பல் தரத்தில் கட்டவில்லை. வணிகக் கப்பல் தரத்தில் எஃகால் கட்டினார்கள். கேட்டர்பில்லர் டீசல் என்ஜின்கள் இரண்டு. கேட்டர்பில்லர் ஏன் என்றால், சாலை போடும் இயந்திரம் முதல் மின்சார ஜெனரேட்டர் வரை அந்தப் பெயரைத் தெரிந்த மெக்கானிக் உலகின் எந்த மூலையிலும் கிடைப்பார். உதிரிப் பாகத்துக்கு ராணுவக் கிடங்கின் வாசலில் நிற்க வேண்டியதில்லை. வேகம் சுமார் 20 நாட். சிக்கனமாகப் போனால் ஒரே எரிபொருளில் 2,500 கடல் மைல். 1.8 மீட்டர் ஆழத்தண்ணீர் போதும் என்பதால் பவளப்பாறைக் காயல்களுக்குள்ளும் நுழையலாம். மாலுமிகள் பதினான்கு முதல் பதினெட்டுப் பேர். துப்பாக்கி பொருத்த முன்தளத்தில் இடம் விட்டார்கள். ஆனால் கனமான ஆயுதம் எதையும் சேர்த்துத் தரவில்லை. வேண்டும் என்ற நாடு தானே பொருத்திக்கொள்ளலாம். மாலுமிகளுக்கான பயிற்சிக்குத் தாஸ்மானியாவின் லான்செஸ்டனில் உள்ள ஆஸ்திரேலிய கடல்சார் கல்லூரி.

நான் படித்தவரை, இந்தத் திட்டத்தில் உண்மையிலேயே புத்திசாலித்தனமான பகுதி இந்த அடக்கம்தான். ஆயுத உதவி என்றாலே வாங்குகிறவனால் பராமரிக்க முடியாத பளபளப்பான சாமானைத் தள்ளிவிடுவது வழக்கம். இங்கே வாங்குகிறவனின் பட்டறையைப் பார்த்துவிட்டுப் படகை வரைந்திருக்கிறார்கள்.

முதல் படகு, தரங்காவு, 1987 மே மாதம் பப்புவா நியூ கினியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அதே மாதம் 14-ம் தேதி பிஜியில் சித்திவேனி ரபூக்கா என்ற லெப்டினன்ட் கர்னல் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து, இந்திய வம்சாவளியினர் பெருமளவில் இடம்பெற்றிருந்த திமோசி பவாத்ராவின் அரசைக் கவிழ்த்தார். கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகக் கப்பலேறிய தமிழர்களின் பேரப்பிள்ளைகளும் அந்த அதிர்ச்சியில் நாட்டைவிட்டு ஓடியவர்களில் உண்டு. ராணுவ உதவி பெறும் நாட்டில் ராணுவமே ஆட்சியைப் பிடித்தால் என்ன செய்வது என்ற கேள்வி திட்டத்தின் பிறந்த நாளிலேயே கதவைத் தட்டிவிட்டது. பிஜிக்கான படகுகள் 1990-களின் நடுவில்தான் போய்ச் சேர்ந்தன.

மற்ற இடங்களில் ஓட்டம் சீராக இருந்தது. வனுவாட்டுவுக்கு துகோரோ, சமோவாவுக்கு நஃபனுவா, குக் தீவுகளுக்கு தே குகுபா, டோங்காவுக்கு மூன்று, மைக்ரோனீசியாவுக்கு மூன்று, கிரிபாஸுக்கு தியானோயி, துவாலுவுக்கு தே மத்தாயிலி, பலாவுக்கு அதன் முதல் ஜனாதிபதி ரெமெலிக்கின் பெயர். நஃபனுவா என்பது சமோவாவின் போர்த் தேவதை. ராணுவமே இல்லாத நாட்டின் போலீஸ் படகுக்குப் போர்த் தேவதையின் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தக் குறும்பு எனக்குப் பிடித்திருக்கிறது. 1997-ல் கடைசிப் படகும் இறங்கியது.

அப்புறம்தான் யானையைக் கட்டித் தீனி போடும் கதை.

டீசல் விலைதான் முதல் இடி. படகு இலவசம், எண்ணெய் இலவசமில்லை. ஒரு நீண்ட ரோந்துக்கு ஆகும் எரிபொருள் செலவு, பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடத்தவே திணறும் ஒரு சின்ன அரசின் பட்ஜெட்டில் உறைக்கும். பல படகுகள் ஆண்டின் பெரும்பாலான நாட்களைத் துறையிலேயே கழித்தன. கடைசியில் எரிபொருள் செலவில் ஒரு பங்கையும் ஆஸ்திரேலியாவே ஏற்க நேர்ந்தது. பெரிய பழுதுபார்ப்புக்குப் படகுகள் குயின்ஸ்லாந்து துறைமுகங்களுக்கு ஓட்டி வரப்பட்டன. ஆலோசகர்களின் சம்பளம், உதிரிப் பாகம், பயிற்சி எல்லாமும் ஆஸ்திரேலியக் கணக்கில். படகின் ஆயுள் 15 ஆண்டு என்று முதலில் போட்ட கணக்கு, 2000-ல் கிட்டத்தட்ட இரட்டிப்பாக நீட்டப்பட்டது. படகைக் கொடுத்துவிட்டுக் கைகுலுக்கிப் பிரிந்துவிடலாம் என்று 1983-ல் யாராவது நினைத்திருந்தால், அவர் பேரப்பிள்ளை காலத்திலும் அந்தக் கையை விட முடியவில்லை.

இன்னொரு சங்கடம். மீன் திருடனைப் பிடிக்கக் கொடுத்த படகு மீன் திருடனை மட்டும்தான் துரத்தும் என்று எங்கேயும் எழுதி வைக்க முடியாது. பப்புவா நியூ கினியா தன் படகுகளை பூகன்வில் தீவின் முற்றுகைக்குப் பயன்படுத்தியது. தாமிரச் சுரங்கத்தில் தொடங்கி உள்நாட்டுப் போராக மூண்ட அந்தக் கலகத்தில், கடல்வழி மருந்துகூடப் போகாமல் மக்கள் செத்தார்கள். சாலமன் தீவுகளில் 2000 ஜூனில் மலைத்தா கழுகுப் படை என்ற ஆயுதக் குழு, போலீசில் ஒரு பகுதியோடு சேர்ந்துகொண்டு பிரதமர் பார்த்தலோமியோ உலுஃபாலுவைச் சிறைபிடித்தபோது, ரோந்துப் படகும் அவர்கள் கைக்குப் போனது. அதிலிருந்து குவாடல்கனால் கரையில் இருந்த எதிர்த்தரப்பை நோக்கிச் சுட்டார்கள். ஆஸ்திரேலிய வரிப்பணத்தில் கட்டிய படகு அது.

பிஜியில் 2006 டிசம்பரில் மறுபடியும் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. இந்த முறை தலைமை தாங்கிய ஃபிராங்க் பைனிமராமா கடற்படையிலிருந்து மேலே வந்தவர். ஆஸ்திரேலியா ஆதரவை நிறுத்திக்கொண்டது. படகுகளைத் திரும்ப வாங்கிவர முடியாதே. தண்டனை யாருக்கு விழுந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. பிஜியின் கடலில் திருட்டு மீன் பிடித்தவர்களுக்கு நிச்சயமாக விழவில்லை.

எல்லாவற்றிலும் வேடிக்கையானது 2011 மே மாதம் நடந்தது. பைனிமராமாவோடு பகையான ராணுவ அதிகாரி தெவித்தா மாரா, பிஜியின் முதல் பிரதமர் ரத்து மாராவின் மகன், ஒரு சின்னப் படகில் கடலுக்குப் போனார். அங்கே வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது டோங்காவின் ரோந்துப் படகு சவேயா. ஆபத்து அழைப்பு வந்தது, போய்க் காப்பாற்றினோம் என்றது டோங்கா. தப்பியோடிய குற்றவாளியைக் கடத்திவிட்டார்கள் என்றது பிஜி. அடுத்த மாதமே இரண்டு நாடுகளும் உரிமை கொண்டாடும் மினர்வா பவளத்திட்டைச் சுற்றி உரசல். டோங்கா தன் படகுகளை அங்கே அனுப்பியது. இரு பக்கமும் இருந்த கடற்படைகளின் முதுகெலும்பு ஆஸ்திரேலியா கொடுத்த ஒரே அச்சுப் படகுகள். கான்பெராவில் யாராவது அன்று வரைபடத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்திருப்பார்கள்.

இவ்வளவு சொன்னதால் படகுகள் வீண் என்று நினைத்துவிட வேண்டாம். புயலுக்குப் பிறகு தொலைதூரத் தீவுக்கு அரிசியும் தண்ணீரும் கொண்டுபோனது, பிரசவச் சிக்கலில் இருந்த பெண்களைத் தலைநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தது, வாக்குப்பெட்டிகளைச் சுமந்தது, காணாமல்போன மீனவர்களைத் தேடியது எல்லாம் இவைதான். தீவு மக்களின் கண்ணில் இந்தப் படகு ஆஸ்பத்திரி வண்டி, தபால் வண்டி, போலீஸ் வண்டி எல்லாமும். 2015-ல் பலாவு, திருட்டு மீன்பிடித்த வியட்நாம் படகுகள் நான்கைப் பிடித்துக் கடலிலேயே எரித்து உலகத்துக்குப் படம் காட்டியது. அப்படியொரு காட்சி நடத்தவும் முதலில் பிடிக்க ஒரு படகு வேண்டும்.

மீன் வருமானத்தை உண்மையில் உயர்த்தியது என்னவோ வேறொன்று. சூரை வளம் மிகுந்த எட்டு நாடுகள், நவுரு உடன்படிக்கைக் கூட்டாளிகள் என்ற பெயரில், மீன் பிடிக்கும் நாட்களுக்கு விலை வைத்தன: ஒரு சுருக்குவலைக் கப்பல் ஒரு நாள் மீன் பிடிக்கக் குறைந்தது 8,000 டாலர். உரிமக் கட்டணம் பல மடங்கு ஏறியது. அதற்குப் பின்னால் செயற்கைக்கோள் வழிக் கண்காணிப்பும் கப்பலில் ஏறும் பார்வையாளர்களும் இருந்தார்கள். இன்று நடக்கும் திருட்டில் பெரும்பகுதி உரிமம் வாங்கிய கப்பல்கள் பிடித்த கணக்கைக் குறைத்து எழுதுவதால் நடப்பது. கணக்குப் புத்தகத்தை எந்தப் படகாலும் துரத்திப் பிடிக்க முடியாது. ஆனால் கட்டணம் கொடுக்காதவனைத் துறைக்கு இழுத்துவர ஒரு சாம்பல் நிறப் படகு எங்கோ நிற்கிறது என்ற பயம் பேர மேசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துதான் இருக்கிறது. ஜெனட் டயானா அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனது.

பழைய படகுகள் தேய்ந்தன. 2014-ல் டோனி அபட் அரசு, பசிபிக் கடல்சார் பாதுகாப்புத் திட்டம் என்ற பெயரில் எல்லாவற்றையும் புதிதாக மாற்றித் தருவதாக அறிவித்தது. இந்த முறை கணக்கை முன்கூட்டியே போட்டார்கள்: 30 ஆண்டுகளில் 200 கோடி ஆஸ்திரேலிய டாலர். அதில் படகு கட்டும் ஒப்பந்தம் சுமார் 30.5 கோடிதான், 2016-ல் அது ஆஸ்டல் நிறுவனத்துக்குப் போனது. மற்றதெல்லாம் பராமரிப்பு, பயிற்சி, ஆட்கள், வானிலிருந்து கண்காணிக்கும் விமானங்கள். ஒரு படகு எவ்வளவு செலவு வைக்கும் என்பதை முதல் தலைமுறைப் படகுகள் கற்றுக்கொடுத்திருந்தன. புதிய கார்டியன் ரகம் 39.5 மீட்டர் நீளம். முதல் படகு, டெட் டிரோ, 2018 நவம்பரில் மறுபடியும் பப்புவா நியூ கினியாவுக்கே போனது.

குறைகளும் கூடவே வந்தன. என்ஜின் இணைப்பில் விரிசல், புகை போகும் வழியில் கோளாறு, காற்றோட்டம் சரியில்லாமல் கார்பன் மோனாக்சைடு சேரும் அபாயம். படகை வாங்கிக்கொண்டவர்களுக்கு ஆஸ்திரேலியா அறிவுறுத்தல் அனுப்பிப் பழுது பார்க்க நேர்ந்தது. சமோவாவின் நஃபனுவா II 2021 ஆகஸ்டில் பாறையில் ஏறி, சரிசெய்ய முடியாது என்று கைவிடப்பட்டது. பிஜியின் புவாமாவு 2024-ல் வந்து சேர்ந்த சில மாதங்களிலேயே லாவ் தீவுக்கூட்டத்தில் திட்டில் சிக்கிக்கொண்டது.

நஃபனுவாவுக்கு மாற்று வேண்டுமே. ஓட்டியவர்கள் தவறால் உடைந்த இலவசப் படகுக்கு இன்னொரு இலவசப் படகு தர வேண்டுமா என்று ஆஸ்திரேலியாவில் சாவகாசமாக விவாதம் நடந்திருக்கலாம். ஆனால் 2022 மே மாதக் கடைசியில் சீன வெளியுறவு அமைச்சர் வாங் யீ பசிபிக் தீவுகளைச் சுற்றி வந்தார். சாலமன் தீவுகள் சீனாவோடு பாதுகாப்பு ஒப்பந்தம் செய்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வாங் யீ சமோவாவின் தலைநகர் ஆப்பியாவிலும் இறங்கி அந்நாட்டோடு ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டுப் போனார். சில நாட்களில், ஜூன் 2-ம் தேதி, ஆஸ்திரேலியாவின் புதிய வெளியுறவு அமைச்சர் பென்னி வாங் அதே ஆப்பியாவில் நின்றார். பதவியேற்று இரண்டு வாரம்கூட ஆகவில்லை. சமோவாவுக்கு இன்னொரு புதிய ரோந்துப் படகு உண்டு என்று அங்கேயே அறிவித்துவிட்டார்.